பெல்ட் அறுந்த பிறகுதான் உள்ளே பெல்ட் இருப்பதே தெரிந்தது

வேக்யூம் கிளீனருக்குள் ரப்பர் பெல்ட் ஒன்று ஓடுகிறது என்பது அது அறுந்து விழுந்த இரவு வரை எனக்குத் தெரியாது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களிலும் பிந்தைய ஒரு மாதத்திலும் அந்த மெஷினுக்காக நான் செய்த செலவைக் கூட்டினால் புது மெஷின் விலையில் பாதியைத் தொட்டுவிடும். பில்டர், பைகள், குழாய், ரிப்பேர் கூலி, தப்பாக வாங்கிய பெல்ட் ஒன்று, சரியாக வாங்கித் தப்பாக மாட்டி எரித்த பெல்ட் இன்னொன்று. கடைசியில் காரியத்தை முடித்தது உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் வளையம். மொத்தச் செலவில் அதன் பங்குதான் ஆகக் குறைவு. எரிச்சலில் எழுதுகிறான் என்று நினைத்தாலும் பரவாயில்லை. யாராவது முன்கூட்டியே இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும் வேலை இது.

வீட்டில் நானும் மணியும்தான். மணி என் நாய். வருடம் முழுக்க முடி உதிர்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவன். ஹாலில் பெரிய தரைவிரிப்பு, படுக்கையறையில் இன்னொன்று. மெஷின், நின்றபடியே தள்ளிக்கொண்டு போகிற வகை. அடியில் சுழலும் பிரஷ் உருளை உண்டு. வாங்கிய புதிதில் ஒரு தடவை தள்ளினால் போதும், கோடு கிழித்த மாதிரி விரிப்பு பளிச்சென்று ஆகிவிடும். அது எப்போது குறைய ஆரம்பித்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு தடவை இரண்டு தடவை ஆனது, இரண்டு நாலானது. ஒரு கட்டத்தில் மெஷினை நிறுத்திவிட்டுக் குனிந்து கையாலேயே முடியைச் சுருட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதும் உறைக்கவில்லை. மணிக்கு வயதாகிறது, அதனால்தான் இவ்வளவு கொட்டுகிறது என்று அவன் மேல் பழியைப் போட்டுவிட்டேன்.

பிறகு ஒருநாள் மெஷின் மேல் சந்தேகம் வந்தது. வந்ததும் நேராக 'இழுப்பு குறைந்துவிட்டது' என்ற முடிவுக்குப் போனேன். வேக்யூம் கிளீனர் என்றால் இழுப்பது, இழுக்கவில்லை என்றால் இழுப்பு போச்சு, இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த விஞ்ஞானம். வேடிக்கை என்னவென்றால், குழாய் முனையில் கையை வைத்துப் பார்த்தால் பச்சென்று உள்ளங்கையைப் பிடித்துக்கொள்ளும். வெறும் தரையில் தள்ளினால் மணல், தூசி எல்லாம் ஒழுங்காகப் போகும். விரிப்பில் மட்டும்தான் தகராறு. இந்த மூன்றையும் சேர்த்து ஒரு நிமிடம் யோசித்திருந்தால் விடை அங்கேயே இருந்தது. கை வைத்தால் இழுக்கிறது, தரையில் இழுக்கிறது, விரிப்பில் மட்டும் எடுக்கவில்லை என்றால் கோளாறு இழுப்பில் இல்லை, பிரஷ்ஷில் இருக்கிறது. உங்கள் மெஷினில் இதே மூன்றும் சேர்ந்து வந்தால் வேறெதையும் வாங்குவதற்கு முன்னால் அடித்தகட்டைத் திறந்து பாருங்கள்.

நான் வாங்கினேன். முதலில் பில்டரைக் கழுவினேன். அது முழுதாகக் காய ஒரு நாளாவது ஆகும் என்று தெரியாமல் அரைகுறை ஈரத்தோடு மாட்டி ஓட்டியதில் வீடு முழுக்க நனைந்த நாய் வாடை (மணி இதற்கும் பொறுப்பில்லை). அந்த பில்டரைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போட்டேன். அப்புறம் தூசிப் பையைப் பாதி நிறைவதற்குள் மாற்ற ஆரம்பித்தேன், ஒரு பாக்கெட் பை மூன்று வாரத்தில் காலி. அடுத்து, குழாயில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கும் என்று தோன்றிப் புதுக் குழாய். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. விரிப்பைச் சுத்தம் செய்யும்போது அந்தக் குழாய் வழியாகக் காற்று போவதுகூட இல்லை, என் மாடலில் அது சோபா, மூலைகளுக்கு மட்டும் கழற்றிப் பயன்படுத்துகிற தனி வழி. பழைய குழாயும் புதுக் குழாயும் இன்னமும் பரணில் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு கிடக்கின்றன.

மூன்றாவது மாதம் ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே நான் செய்த தப்பை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது மற்ற மெஷின்களுக்கும் பொருந்தும். கடைக்காரர் "என்ன சார் பிரச்சினை?" என்று கேட்டார். "இழுப்பு சுத்தமா இல்லைங்க" என்றேன். அவர் பிளக்கைப் போட்டு ஓட்டிப் பார்த்தார், முனையில் கை வைத்தார், "இருக்குற மாதிரிதான தெரியுது" என்றார். "இல்லைங்க, மூணு மாசமா நான் படுறது எனக்குத்தான் தெரியும்" என்று அடித்துச் சொன்னேன். பாவம், வாடிக்கையாளர் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாரே என்று மோட்டாரைப் பிரித்துச் சுத்தம் செய்து, மோட்டாருக்குள் உரசித் தேய்கிற கார்பன் துண்டுகளை மாற்றி, ஒன்பது நாள் கழித்துக் கொடுத்தார். கூலி கணிசம். வீட்டுக்கு வந்து ஓட்டினால் அதே கதை. கார்பன் தேய்ந்துதான் இருந்தது என்று அவர் காட்டினார், அதில் பொய் இல்லை. ஆனால் நான் போய் நோயைச் சொல்லவில்லை, நோய்க்கு நானே ஒரு பேர் வைத்துச் சொன்னேன். 'விரிப்பில் நாய்முடியை எடுக்கவில்லை, வெறும் தரையில் எடுக்கிறது' என்று கண்ணில் பட்டதை மட்டும் சொல்லியிருந்தால் அவர் முதல் வேலையாக மெஷினைக் கவிழ்த்துப் பார்த்திருப்பார்.

அதற்கப்புறம் வந்தது வாடை. ஓட்ட ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் லேசாக ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு நெடி. நிறுத்தினால் போய்விடும். மோட்டார் சர்வீஸ் செய்த புதிது, எண்ணெய், கார்பன் ஏதாவது பொசுங்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு வாரம் அப்படியே ஓட்டினேன். ஒரு ராத்திரி, மறுநாள் காலை ஊரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று ஹாலைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். திடீரென்று உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். உடனே மோட்டாரின் குரல் மாறியது. பாரத்தை இறக்கி வைத்தவன் ஓடுகிற மாதிரி, கீச்சென்று மேல் ஸ்தாயிக்குப் போய்விட்டது. கையில் கனமே இல்லை, மெஷின் விரிப்பின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. அப்போதுதான் கவனித்தேன், விரிப்பில் அதிர்வே இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கவிழ்த்துப் போட்டேன். நாய்முடி, நூல், என் தலைமுடி என்று பிரஷ் தெரியாத அளவுக்கு ஒரு கம்பளிப் போர்வையே சுற்றிக் கிடந்தது. தகட்டில் நாலு ஸ்க்ரூ. அதைக் கழற்றியதும் கருப்பாக ஒரு ரப்பர் பட்டை பொத்தென்று பத்திரிகைத் தாள் மேல் விழுந்தது.

அந்தப் பட்டையை விளக்கு வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழவென்று மின்னியது. ஓரங்களில் எலி கடித்தது போலப் பிசிறு. வளைத்துப் பார்த்தால் குறுக்கே முடி கனத்தில் வெடிப்பு வெடிப்பாகத் தெரிந்தது. அறுந்த இடத்துக்குப் பக்கத்தில் ரப்பர் உருகிக் கட்டியாகியிருந்தது. உள்ளே மோட்டாரின் தண்டு பென்சில் கனத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது, அதன் மேலும் கருப்பு ரப்பர் தோல் மாதிரி ஒட்டியிருந்தது. அது ஒரே ராத்திரியில் அறுந்த பெல்ட் இல்லை. மாதக்கணக்கில் தளர்ந்து, வழுக்கி, சூடேறி, இளகி, கடைசியில் அறுந்திருக்கிறது.

உள்ளே நடப்பது என்னவென்று அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து புரிந்துகொண்டேன். மோட்டார் இரண்டு வேலை செய்கிறது. ஒரு பக்கம் விசிறியைச் சுற்றிக் காற்றை இழுக்கிறது. இன்னொரு பக்கம் அதே மோட்டாரின் தண்டில் மாட்டிய பெல்ட், பிரஷ் உருளையைச் சுற்றுகிறது. விரிப்பின் இழைகளுக்கு அடியில் போய் உட்கார்ந்த மணலையும் பின்னிக்கொண்ட முடியையும் காற்று மட்டும் அசைக்காது. பிரஷ் தட்டிக் கிளப்ப வேண்டும், கிளம்பியதைக் காற்று வாரிக்கொண்டு போகும். ஆகவே பெல்ட் தளர்ந்தாலும் காற்று இழுப்பு முழுசாக இருக்கும், கை வைத்தால் பிடிக்கும், நம்மையும் ஏமாற்றும். இது இன்று நேற்று வந்த அமைப்பும் இல்லை. அமெரிக்காவில் ஒரு கடையில் துப்புரவு வேலை பார்த்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர் என்பவர், தூசியால் ஆஸ்துமா படுத்துகிறதே என்று விசிறி மோட்டாரையும் தலையணை உறையையும் வைத்துச் செய்து 1908-இல் காப்புரிமை வாங்கிய மெஷினிலேயே சுழலும் பிரஷ் இருந்தது. பின்னால் ஹூவர் என்ற தொழிலதிபர் வாங்கி விற்றது அதைத்தான். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் பிரஷ் நின்றுபோனால் பாதி மெஷின் செத்த மாதிரிதான்.

என்னை உறுத்தியது அறுந்த பெல்ட் இல்லை, அறுவதற்கு முந்தைய அந்த நாலு மாதம். அறுந்தால் பிரஷ் சுற்றாது, சத்தம் மாறும், யாருக்கும் தெரியும். தளர்ந்த பெல்ட் அப்படி இல்லை. மெஷினைத் தூக்கிப் பிடித்து எட்டிப் பார்த்தால் பிரஷ் ஜோராகச் சுற்றும். நானும் ஒரு தடவை அப்படிப் பார்த்துவிட்டு 'பிரஷ் சரியாகத்தான் சுற்றுகிறது' என்று திருப்திப்பட்டிருக்கிறேன். விரிப்பில் வைத்து, இழைகளின் எதிர்ப்பு வந்ததும் பெல்ட் தண்டின் மேல் வழுக்கும், பிரஷ் மெதுவாகும் அல்லது நின்றே போகும். விரிப்பில் வைத்தபடி நமக்கு அது தெரியாது. அதனால் காதால் பார்க்க வேண்டும். பெல்ட் நன்றாகப் பிடிக்கிற மெஷினை ஓடவிட்டு விரிப்பில் இறக்கினால் மோட்டாரின் சத்தம் சட்டென்று ஒரு படி தணியும், சுமை ஏறியதால். தூக்கினால் மறுபடி ஏறும். இறக்கினாலும் தூக்கினாலும் ஒரே சத்தம் என்றால் பெல்ட் வழுக்குகிறது என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிடலாம். இன்னொரு சோதனை, பிளக்கைப் பிடுங்கி மெஷினைக் கவிழ்த்து, பிரஷ் உருளையை விரலால் உருட்டிப் பார்ப்பது. நல்ல பெல்ட் என்றால் விரலுக்கு ஒரு பிகு தெரியும், மோட்டாரும் கூடவே திரும்புவது உணரும். தளர்ந்தது என்றால் உருளை சும்மா லொடலொடவென்று சுற்றும்.

சரி, பெல்ட்டை மாற்றினால் போயிற்று என்று மறுநாளே கிளம்பினேன். இங்கே இரண்டாவது அத்தியாயம் ஆரம்பம். மெஷின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் பேரைச் சொல்லி ஆர்டர் செய்தேன். இரண்டு வாரம் கழித்து வந்தது. பழையதின் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூட இல்லை, ரப்பர் வளையம், கருப்பு, அப்புறம் என்ன என்று மாட்டிவிட்டேன். உருளையை அதன் இடத்தில் உட்கார வைக்கவே முழு பலமும் தேவைப்பட்டது. புதுசு, இறுக்கமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஓட்டினால் மோட்டார் முக்கியது, உருளையின் ஒரு முனையிலிருந்து கிரீச்சென்று அலறல். இருபது நிமிடத்தில் அதே வாடை. திறந்தால் பெல்ட்டின் ஓரம் உரிந்து நூல் நூலாகத் தொங்கியது. அகலம் கொஞ்சம் கூட, நீளம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரே பேரில் நாலைந்து மாடல் இருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. பார்க்க வேண்டியது மேலே உள்ள பேரை இல்லை. மெஷினின் முதுகிலோ அடியிலோ வோல்ட், வாட் எல்லாம் அச்சடித்த சின்ன ஸ்டிக்கர் இருக்கும், அதில் உள்ள முழு மாடல் எண்தான் கணக்கு, கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்து உட்பட. பழைய பெல்ட்டிலேயே வெளிப்பக்கம் ஓர் எண் அச்சாகியிருக்கும், அழிந்துபோகாமல் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆகவே அறுந்ததைக் கோபத்தில் குப்பையில் போடாதீர்கள். ஆனால் அறுந்த பெல்ட்டின் நீளத்தை அளந்து அதே நீளத்துக்கு வாங்கவும் கூடாது, அது நீண்டுபோன நீளம். அகலத்தை மட்டும் நம்பலாம். வகையும் முக்கியம். தட்டையான ரப்பர் பட்டை ஒன்று, உருண்டைக் கயிறு மாதிரி ஒன்று, உள்பக்கம் பல் வைத்தது ஒன்று. பல் வைத்தது வழுக்காது, வருடக்கணக்கில் உழைக்கும், போகும்போது பல் உதிர்ந்தோ பட்டென்று அறுந்தோ போகும். தட்டையானது மெதுவாகத் தளர்ந்து போகும், பொதுவாக ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்றச் சொல்வார்கள். நான் மாற்றாமல் ஓட்டியது இரண்டரை வருடம். பிரஷ் உருளையே இல்லாமல் வெறும் காற்றால் இழுக்கும் மெஷின் உங்களிடம் இருந்தால் இந்தக் கட்டுரையில் உங்களுக்கு வேலையில்லை, பெல்ட்டே கிடையாது. பிரஷ்ஷுக்கென்று தலைக்குள்ளேயே தனி மோட்டார் வைத்த மாடல்களில் பெல்ட் மூடி சீல் செய்த பெட்டிக்குள் இருக்கலாம், அதைப் பிரிக்க முயற்சி செய்யாமல் கூட வந்த புத்தகத்தை முதலில் பாருங்கள்.

அடுத்து வந்தது சரியான பெல்ட். அதையும் எரித்தேன். இந்த முறை ஆறு நாள் தாங்கியது. ஏழாவது நாள் திறந்தபோது அழுகையே வந்தது என்று சொன்னால் நம்புங்கள், ஒரு ரப்பர் வளையத்துக்காக ஆம்பளை ராத்திரி பதினோரு மணிக்குத் தரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மணி வந்து பழைய பெல்ட்டை மோந்து பார்த்துவிட்டுத் தும்மிவிட்டுப் போனான். காரணம் எளிது. உருளையின் மேல் சுற்றியிருந்த முடியை வெட்டி எடுத்தேனே தவிர, இரண்டு முனைகளிலும் மூடிக்குள் போய்ச் சிக்கியிருந்த முடியை எடுக்கவில்லை. அங்கேதான் பேரிங் இருக்கிறது. முடி அதற்குள் இறுகியதும் உருளை சுற்றவே சண்டை போடுகிறது, அந்தச் சண்டையின் சூடெல்லாம் பெல்ட் மேல் இறங்குகிறது. பெல்ட் தானாகச் சாவது கொஞ்சம்தான், பெரும்பாலும் யாரோ கொல்கிறார்கள்.

மூன்றாவது பெல்ட்டுக்கு அவசரப்படவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம், பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டிக் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தேன். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், விரல் உள்ளே இருக்கும்போது யாராவது சுவிட்சைத் தட்டினால் அவ்வளவுதான். தரையில் வெள்ளைத் துணி விரித்து வேலை செய்தேன், பத்திரிகைத் தாளில் கருப்பு ஸ்க்ரூ தொலைந்துபோகிறது. ஒவ்வொன்றைக் கழற்றுவதற்கு முன்னும் போனில் ஒரு படம். என் மெஷினில் முன்பக்க ஸ்க்ரூ இரண்டும் குட்டை, பின்பக்கம் நீளம். நீளத்தைக் குட்டை இடத்தில் முறுக்கினால் பிளாஸ்டிக் வெடிக்கும், எனக்கு ஒன்று வெடித்தும் இருக்கிறது. உருளையை வெளியே எடுத்து, துணி தைப்பவர்கள் தையல் பிரிக்க வைத்திருக்கும் சின்னக் கொக்கிக் கத்தியால் முடியை நீளவாக்கில் கிழித்தேன். கத்தரிக்கோலைவிட இது நூறு மடங்கு மேல், பிரஷ் மயிரை வெட்டாது. முனை மூடிகளைத் திருகிக் கழற்றினால் உள்ளே முடி இறுகி, மோதிரம் மாதிரி கெட்டியாகியிருந்தது. ஒன்றை இடுக்கியால் பிடித்து இழுக்க, இரண்டரை வருடத்து நாய்முடி பாம்பாக நீண்டு வந்தது. அதற்குப் பிறகு உருளையின் முனையை விரலால் சுண்டினேன். முன்பு அரைச் சுற்றில் நின்றது, இப்போது நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தமில்லாத சுழற்சியைப் பார்த்தபோதுதான் இந்தத் தடவை சரியாகிவிடும் என்று நம்பிக்கை வந்தது.

மோட்டார் தண்டில் ஒட்டியிருந்த பழைய ரப்பரையும் எடுக்க வேண்டும். அது இருந்தால் புதுப் பெல்ட் மேடு பள்ளத்தில் ஓடும். கத்தியால் சுரண்டினால் தண்டில் கீறல் விழும், அந்தக் கீறலே பெல்ட்டை அறுக்கும். நான் நகத்தாலும் முரட்டுத் துணியாலும் தேய்த்தே எடுத்தேன். எண்ணெய், கிரீஸ் எதையும் அங்கே காட்டக் கூடாது. ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, பெல்ட்டும் வழுக்கும்.

மாட்டுவதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பெல்ட்டைத் தண்டில் போட்டு, அப்புறம் மறுமுனையை உருளையில் அதற்கென்று உள்ள பள்ளத்தில் கோத்து, உருளையின் ஒரு முனையை அதன் இடத்தில் உட்காரவைத்து, கடைசியில் அடுத்த முனையை நீட்டி இழுத்து அமுக்க வேண்டும். எழுத்து அச்சான பக்கம் வெளியே. சில மாடல்களில் பெல்ட்டை முறுக்கிப் போட வேண்டியிருக்கும், அவற்றில் பெல்ட் போகும் வழியோ அம்புக்குறியோ உடம்பிலேயே குறித்திருப்பார்கள். அதைத் தலைகீழாக மாட்டினால் பிரஷ் எதிர்த்திசையில் சுற்றிக் குப்பையை முன்னால் இறைக்கும். தகட்டை மூடுவதற்கு முன் உருளையைக் கையால் பத்து சுற்று சுற்றினேன். பெல்ட் முதல் சுற்றில் கொஞ்சம் கோணலாக இருந்து, ஐந்தாறு சுற்றில் தானாக நடுவுக்கு வந்து நின்றது. ஓரமாகவே ஓடினால் ஏதோ சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம், மூடாதீர்கள். மூடி, அரை நிமிடம் மட்டும் ஓட்டி, நிறுத்தி, மோந்து பார்த்தேன். வாடை இல்லை. விரிப்பில் இறக்கினேன். மோட்டார் சத்தம் ஒரு படி தணிந்தது. கைப்பிடி வழியாக அந்தப் பழைய அதிர்வு முழங்கை வரைக்கும் வந்தது. மொத்தம் நாற்பது நிமிடம், அதில் முப்பது முடி எடுக்க.

அதற்கப்புறம் சில பழக்கங்களை மாற்றிக்கொண்டேன். விரிப்பின் ஓரக் குஞ்சத்தின் மேல் மெஷினை ஏற்றுவதில்லை. ஓட்டுவதற்கு முன் தரையைப் பார்க்கிறேன், சாக்ஸ், சார்ஜர் வயர், மணியின் கயிறு இவையெல்லாம் உருளைக்கு விஷம். ஏதாவது மாட்டி பிரஷ் நின்றுவிட்டால் இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் அந்த நொடியே சுவிட்சை அணைக்கிறேன். உருளை நின்றாலும் மோட்டார் தண்டு நிற்காது, நிற்கிற பெல்ட்டின் ஒரே இடத்தை அது உரசிக்கொண்டே இருக்கும், உருகச் சில நொடி போதும். மெஷின் தானாகவே அணைந்துவிட்டால் சூடு தாங்காமல் உள்ளே இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச் வேலை செய்திருக்கிறது என்று பொருள். ஆறவிட்டால் மறுபடி ஓடும்தான், ஆனால் ஏன் சூடானது என்று பார்க்காமல் ஓட்டக் கூடாது. உயரத்தை மாற்றும் குமிழ் இருக்கிறதே, அதை நான் 'ஆகத் தாழ்வாக வைத்தால் நன்றாக எடுக்கும்' என்று எப்போதும் அடியிலேயே வைத்திருந்தேன். அது பிரஷ்ஷை விரிப்பில் புதைத்து பெல்ட்டைத் திணறடிக்கிற வேலை. இப்போது இழை நுனியைத் தட்டுகிற அளவுக்கு மட்டும். மாதம் ஒரு தடவை முடி வெட்டு, உருளைக்கு. பெல்ட் எப்போதும் இரண்டாக வாங்குகிறேன், ஒன்று கையிருப்பு. அதை மெஷின் மேலேயே தொங்கவிடாமல் அலமாரிக்குள் இருட்டில், மடிக்காமல் வைக்கிறேன். வெயிலும், ஓடும் மோட்டார் பக்கத்தில் உண்டாகும் ஓசோனும் பயன்படுத்தாத ரப்பரைக்கூட வெடிக்க வைத்துவிடும். இரண்டுக்கு மேல் வாங்கி அடுக்குவதிலும் புண்ணியமில்லை, சும்மா இருந்தே கிழமாகிவிடும்.

ரிப்பேர் கடைக்காரரைப் பிறகு ஒருநாள் வேறு வேலையாகப் போனபோது பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "நீங்க அன்னிக்கு நாய் முடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல சார்" என்றார். பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அடித்தகட்டின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, பெல்ட் மாற்றிய தேதியைப் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். போன வாரம் பார்த்தபோது எட்டு மாதம் ஆகியிருந்தது. மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது, முடியும் ஒரே தடவையில் போகிறது, இதை எதற்கு மாற்றுவது என்று மனசு கேட்டது. இருந்தாலும் கழற்றி, அலமாரியில் இருந்த புதியதின் மேல் வைத்துப் பார்த்தேன். வெடிப்பு இல்லை, பளபளப்பு இல்லை, தொட்டால் புதிது மாதிரியே இருந்தது. இரண்டையும் ஒரே ஸ்க்ரூடிரைவரில் மாட்டித் தொங்கவிட்டேன். பழையது என் சுண்டுவிரல் அகலத்துக்குக் கீழே இறங்கி நின்றது.